பாதி ரேட்டு நேரம்

மொட்டைமாடியில், தகரக் கூரை போட்ட வாடகை அறையில், பதினோரு வருடமாகத் துணி தேய்க்கிறாள் இஸ்திரி அக்கா. அவளுக்கு வேறு பெயர் உண்டென்பதே தெருவில் பலருக்குத் தெரியாது. அவள் தேய்த்த காலர் நாள் முழுக்க விறைப்பாக நிற்கும். வாயும் அப்படித்தான், யாருக்கும் வளையாது.

தெருவுக்கெல்லாம் புது மின்மீட்டர் மாட்டிய அன்று கரண்ட் ஆபீஸ் ஆள் வாசலில் நின்று சொன்னார்:

"இனிமே நேரத்துக்கு ஒரு ரேட்டும்மா. பகல்ல பதினொண்ணுலேர்ந்து மூணு வரைக்கும் பாதி. சாயங்காலம் ஆறுலேர்ந்து பத்து வரைக்கும் ஒண்ணரை மடங்கு."

கரண்டைத் தின்னும் பெட்டியை வைத்துப் பிழைக்கிறவளுக்கு வேறென்ன வேண்டும்? அதுவரை வெயில் தாழ்ந்தபின் தேய்த்தவள், வேலையை உச்சிப்பொழுதுக்கு மாற்றிக்கொண்டாள். தலைக்குமேல் காய்கிற தகரம், கையில் கொதிக்கிற பெட்டி. முதுகெல்லாம் வேர்க்குரு. ஒருநாள் தலைசுற்றித் துணிமூட்டைமேலேயே சாய்ந்துவிட்டாள்.

"உசுரோட விளையாடுறியா?" என்று கத்தினான் கணவன்.

"பில்லு குறையட்டும்யா, ஒரு ஃபேன் வாங்கி மாட்டிக்கலாம்."

இரண்டு மாதமாயிற்று. சல்லிக்காசு குறையவில்லை. தான்தான் மணியைத் தப்பாகப் பார்த்துவிட்டோமோ என்று பாவம், தன்னையே திட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் கீழே குடியிருக்கும் வீட்டுக்காரர் வாயெல்லாம் பல்லாக மாடியேறி வந்தார். செல்போனில் பில்லைக் காட்டினார்.

"நீ மதியத்துல தேய்க்கிறதால எப்படி இறங்கியிருக்கு பாரு! மகராசியா இரும்மா!"

"எனக்கு ஒண்ணும் குறையலையேண்ணே?"

"உனக்கு எப்படிக் குறையும்? புது மீட்டர் என் பேர்ல இருக்கு. உன் ரூமுக்கு நான் மாட்டினது சாதா மீட்டர். அதுக்கு மணியெல்லாம் தெரியாது. எந்த நேரமானாலும் யூனிட்டுக்கு நீ எனக்குத் தர்றது ஒரே ரேட்டு."

அடப்பாவி மனுஷா! அடுப்பில் வெந்ததுபோல் வெந்தது இவள், லாபம் இவருக்கா? நேரே ஆபீசுக்குப் போனாள். தன் பேரில் தனி மீட்டர் கேட்டாள். ஒரு பாரத்தைக் கொடுத்து, வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்கள். சலுகை தெருவுக்கே வந்ததாம்; வாடகைக்கு இருக்கிறவள் மட்டும் தெருவில் சேர்த்தியில்லையாம்!

மூன்று தடவை பாரத்தை நீட்டினாள். மூன்று தடவையும், "பாக்கலாம்மா, பாக்கலாம்" என்று அவர் நழுவினார்.

மறுநாள் மதியம் அவள் பெட்டியைத் தொடவே இல்லை. காலை நீட்டிப் படுத்துத் தூங்கினாள். ஆறு மணி ஆனதும் லாட்ஜிலிருந்து வந்த படுக்கை விரிப்பு மூட்டையைப் பிரித்தாள். சூட்டைக் கடைசிவரை திருகி, பத்து மணிவரை தேய்த்தாள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே.

எட்டாம் நாள் ஏழரை மணிக்கு வீட்டுக்காரர் கையில் செல்போனுடன் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"என்னம்மா பண்றே? இது ஒண்ணரை மடங்கு நேரம்! நீ தர்றது பத்தாம என் கையைக் கடிக்குது!"

"எனக்கு எந்த நேரமும் ஒரே ரேட்டுதானேண்ணே? நீங்கதானே சொன்னீங்க?"

"சரி சரி, பழையபடி மதியத்துல தேய். ஏதோ பாத்துக் குறைச்சுக்கறேன்."

அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அலமாரியிலிருந்து பாரத்தை எடுத்து, பேனாவோடு அவர் முன்னால் நீட்டினாள்.

"நீங்க பாத்துக் குறைக்கிறதெல்லாம் வேணாம். இதுல கையெழுத்து போடுங்க. வெயில்ல வேகணும்னா எனக்காக வேகறேன். உங்களுக்காக இனிமே ஒரு நிமிஷம்கூட வேக மாட்டேன்."