பஸ் நின்றுபோன றோட்டு

1. வேலைக்குச் சேர்ந்த நாள்

டிப்போவில் முப்பத்தொரு வருடம் கொண்டக்டராக இருந்து ஓய்வு பெற்று, ஆறாவது மாதம் சைக்கிள் ஓட்டுகிற வேலைக்குப் போனேன். "பஸ்ஸில இருந்து சைக்கிளுக்கு இறங்கிட்டியள்" என்று மனைவி இரண்டு நாள் சிரித்தா.

வேலை தந்தவர் ரஜீவன். கனடாவில் இருந்து திரும்பி வந்து, கிளிநொச்சியில் பத்து கியர் சைக்கிள் வைத்து, வெளியூர்க்காரரை வன்னி பார்க்கக் கூட்டிப் போகிறார். என் மகனைவிட இரண்டு வயது இளையவர். என்னைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி தந்துவிட்டுக் கேட்டார்:

"அண்ணை, எனக்கு வாகனம் வராத றோட்டு ஒண்டு வேணும். பக்கத்தில ஆறு ஓடவேணும், மரம் நிக்கவேணும், சத்தம் இருக்கக்கூடாது. அப்பிடி ஏதும் தெரியுமோ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பத்தொரு வருடமாகச் சனம் என்னிடம் கேட்டதெல்லாம் வாகனம் வருகிற றோட்டு. இவர் தலைகீழாகக் கேட்கிறார். ஆனாலும் மறுமொழி சொல்ல எனக்கு ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை.

"ஓம், தெரியும்" என்றேன்.

மல்லாவியில் இருந்து பாலியாற்றை ஒட்டி நாவற்கட்டு என்ற ஊர்வரை போகிற றோட்டு அது. பதினாறு கிலோமீற்றர். இரண்டு பக்கமும் மருத மரம். ஏழு வருடத்துக்கு முன் அந்த றோட்டில் பஸ் நின்றுபோனது. அந்த பஸ்ஸின் கடைசிக் கொண்டக்டர் நான்.

2. மணி

முதல் குழுவில் எட்டுப் பேர். ஐந்து வெளிநாட்டுக்காரர், மூன்று கொழும்புக்காரர். ரஜீவன் முன்னால் போவார், நான் கடைசியில் வரவேண்டும். பம்ப், ஒட்டுப்போடுகிற சாமான், மாற்று ரியூப், தண்ணீர் எல்லாம் என் சைக்கிளில்.

கடைசியில் வருகிறவனுக்கு வேலை இல்லை என்று புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் எல்லா வேலையும் அவனுக்குத்தான். ஆருடைய செயின் கழன்றது, ஆர் முகம் சிவந்து வியர்வை நின்றுபோய் இருக்கிறது, ஆர் மயிலைப் படமெடுக்கப் போய்ப் பின்தங்கினது என்று பார்த்துக்கொண்டே வரவேண்டும். மணல் நிறைந்த இடம் வருவதற்கு முன்னரே ரயரில் கொஞ்சம் காற்றை இறக்கிவிட வேண்டும். சைக்கிள் புதைந்த பிறகு இறக்கி ஒரு பிரயோசனமும் இல்லை.

முதல் தரிப்பில் எல்லோரும் தண்ணீர் குடித்து முடிந்ததும், என் பெருவிரல் தன்பாட்டில் சைக்கிள் மணியை இரண்டுமுறை அடித்தது. பஸ்ஸில் ஒருமுறை அடித்தால் நிற்கவேண்டும், இரண்டுமுறை அடித்தால் போகவேண்டும். முப்பத்தொரு வருடப் பழக்கம். எட்டுப் பேரும் என்னவோ ஏதோ என்று திரும்பிப் பார்த்தார்கள், ஒருவரும் அசையவில்லை. ரஜீவன் சிரித்துக்கொண்டே அவர்களுக்கு விளங்கப்படுத்தினார். பின்னேரத்துக்குள் எல்லோரும் பழகிவிட்டார்கள். பிறகு வந்த குழுக்களுக்கும் அதையே சட்டமாக்கினோம்.

அன்று ஓர் அம்மா இறங்கி நின்று, ஆற்றையும் வெறும் றோட்டையும் பார்த்துவிட்டு ரஜீவனிடம் ஏதோ சொன்னார். இப்படி ஓர் அமைதியைத் தான் எங்கேயும் அனுபவித்ததில்லை என்று சொல்கிறாராம். நான் குனிந்து, காற்றுப் போகாத ரயரை அமத்திப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த அமைதி எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும்.

3. பாக்கியத்தின் சோறு

மத்தியானச் சாப்பாடு நாவற்கட்டில், பாக்கியம் வீட்டு மாமரத்துக்குக் கீழே. அவரின் தாய் தகப்பன் மலைநாட்டுத் தோட்டத்தில் இருந்து வந்து இந்த ஆற்றங்கரையில் காடு வெட்டிக் குடியேறியவர்கள். பாக்கியம் என் பஸ்ஸின் பழைய பயணி. சிவப்பரிசிச் சோறு, ஆற்று மீன் குழம்பு, முருங்கைக்காய், பொரித்த மிளகாய், எருமைத் தயிர். வந்தவர்கள் எல்லோரும் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிடுவார்கள்.

மூன்றாவது மாதம் நான் போனபோது அவர் ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார். சீனி வருத்தம், நீரிழிவு. பாதத்தில் புண். கிழமைக்கு இரண்டு தரம் மல்லாவி ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து கட்டவேண்டும். உழவு மெசின் போனால் அதில் ஏறிப் போவார், மோட்டார் சைக்கிள்காரர் ஆரும் இரங்கினால் அதில் போவார். ஒன்றும் கிடைக்காத நாள் போவதில்லை.

"டாக்குத்தர் என்ன சொன்னவர்?" என்று கேட்டேன்.

"இப்பிடி விட்டுவிட்டு வந்தா விரலை எடுக்கவேண்டி வரும், பிறகு பாதத்தை எடுக்கவேண்டி வரும் எண்டவர்" என்று, குழம்பைக் கிண்டிக்கொண்டே சொன்னார்.

பிறகு உள்ளே போய் ஒரு கடதாசியைக் கொண்டுவந்தார். பஸ்ஸைத் திரும்ப விடச் சொல்லி டிப்போவுக்கு ஊர் எழுதிய கடிதம். ஊரில் பாதிப் பேர் கையெழுத்து வைத்திருந்தார்கள்.

"டிப்போவில ஏத்துக்கொள்ளுகினமில்லை அண்ணை. அந்த றோட்டில ஏற ஆக்கள் இல்லை எண்டு பழைய பைல் கோவையில எழுதிக் கிடக்காம். நீங்கள் கொண்டக்டரா இருந்தனீங்கள்தானே? ஆக்கள் ஏறினவை எண்டு நீங்கள் ஒரு வார்த்தை எழுதித் தந்தா நம்புவினம்."

"பஸ் வந்தா வெள்ளைக்காரர் வராமல் விடுவினம். உங்கட சமையல் வேலையும் போயிடுமே?"

"போகட்டும் அண்ணை. காலே போயிட்டா எந்தக் காலில நிண்டு சமைக்கிறது?"

4. நான் சொன்ன ஒரு வார்த்தை

இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. அன்று அந்த மாமரத்துக்குக் கீழே பாக்கியத்துக்குச் சொன்னேன்.

ஏழு வருடத்துக்கு முன் ஒரு மாரிகாலம். றோட்டெல்லாம் சேறு. அன்று மட்டும் மூன்று இடத்தில் பஸ் புதைந்து, நானும் டிரைவரும் பயணிகளும் சேர்ந்து தள்ளினோம். முழங்கால்வரை சேற்றோடு டிப்போவுக்குள் நுழைந்தபோது பொறுப்பதிகாரி கூப்பிட்டார். பஸ் தட்டுப்பாடு, ஏதாவது ஒரு றூட்டைக் குறைக்கவேண்டும். "நாவற்கட்டுப் பக்கம் ஆக்கள் ஏறுகினமோ?" என்று கேட்டார். எனக்கு அந்த றோட்டில் இனி ஒரு நாளும் போக மனமில்லை. "பெரிசா இல்லை ஐயா" என்றேன். அவ்வளவுதான். அடுத்த கிழமை அந்த பஸ் வேறு றூட்டுக்குப் போய்விட்டது.

பாக்கியம் அகப்பையைக் கீழே வைத்தார். கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"நான் ஏறினனான்தானே அண்ணை?" என்று மட்டும் கேட்டார்.

5. டிப்போவும் ரஜீவனும்

ரஜீவன் கெட்ட மனிதர் இல்லை. நான் விசயத்தைச் சொன்னதும் ஒளிக்காமல் மறுமொழி சொன்னார்.

"அண்ணை, பஸ் வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. ஆனா 'வாகனமில்லாத ஆற்றுப் பாதை' எண்டு விளம்பரம் போட்டிருக்கிறம். அதை நம்பித்தான் ஆக்கள் வருகினம். நீங்கள் எழுதிக் குடுக்காட்டி இந்தக் கதை தன்பாட்டில ஆறிப்போகும். குடுத்தா இந்த றூட் எங்களுக்கு இல்லை. உங்கட வேலையும் நிச்சயமில்லை."

அன்று வீட்டுக்குப் போகும் வழி முழுக்க யோசித்தேன். அந்த வேலை எனக்கு உண்மையாகவே பிடித்திருந்தது. ஓய்வு பெற்று வீட்டில் இருந்த ஆறு மாதமும் பைத்தியம் பிடிக்காத குறை. ஆனாலும் பாக்கியம் கேட்ட அந்த ஒரு கேள்வி காதை விட்டுப் போகவில்லை.

அடுத்த நாள் டிப்போவுக்குப் போனேன். புதுப் பொறுப்பதிகாரி இளம் ஆள்.

"கோவையில் நான் சொன்னதாக இருப்பது பிழை" என்று எழுதிக் கொடுத்தேன். ஏறினவர்கள் குறைவுதான், ஆனால் ஏறினவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை என்றும் எழுதினேன்.

"ஏன் அண்ணை அப்ப சொல்லேல்லை?" என்று அவர் கேட்டார்.

"அப்ப எனக்குச் சேறுதான் தெரிஞ்சது தம்பி."

அதன் பிறகு இரண்டு மாதம் ரஜீவன் என்னைக் கூப்பிடவில்லை. பாக்கியத்துக்கும் சமையல் இல்லை. அந்த இரண்டு மாதமும் மனைவி என்னைப் பார்த்துச் சிரிக்கவே இல்லை.

6. நேரசூசி

நாளுக்கு இரண்டு தரம் பஸ் விடுவதாக டிப்போவில் இருந்து ஊருக்குக் கடிதம் வந்தது. அன்றே ஒரு கொப்பித் தாளில் பஸ் நேரமும் எங்கள் நேரமும் சேர்த்து ஒரு நேரசூசி எழுதிக்கொண்டு ரஜீவனிடம் போனேன். காலை பஸ் நாவற்கட்டில் இருந்து புறப்பட்டு எட்டரைக்கு மல்லாவி வந்துவிடும். அதற்குப் பிறகு நாங்கள் மல்லாவியில் வெளிக்கிட்டு, றோட்டு முடியும்வரை போய், சாப்பாட்டுக்குப் பாக்கியம் வீட்டுக்குத் திரும்புகிறோம். மத்தியான பஸ் வருகிற நேரம் எல்லோரும் மாமரத்துக்குக் கீழே சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். மிச்ச நேரம் முழுக்க றோட்டு எங்களுடையது. ரஜீவன் இரண்டு தரம் வாசித்துப் பார்த்துவிட்டு, "சரி அண்ணை, 'ஒரேயொரு பஸ் மட்டும் ஓடும் ஆற்றுப் பாதை' எண்டு மாத்திவிடுறன்" என்றார்.

புது ஒழுங்கில் முதல் குழு போன நாளே காலை பஸ் இரண்டரை மணித்தியாலம் பிந்தியது. டிப்போவின் நேரசூசியை நம்பிய முதல் கொண்டக்டர் நானாகத்தான் இருப்பேன். நாவற்கட்டை நெருங்கும்போது எதிரே புழுதி எழும்பியது. ஒருமுறை மணி அடித்தேன். எட்டுச் சைக்கிளும் பாக்கியத்தின் வாசல் படலைக்கு முன்னால் ஒதுங்கின. அங்கேதான் இடம் அகலம். பாக்கியமும் சமையலை முடித்துவிட்டு, கட்டுப்போட்ட காலோடு, கையில் கிளினிக் கொப்பியோடு அங்கேதான் நின்றார்.

பஸ் எங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. கொண்டக்டர் பின் கதவுப் பக்கம் உள்ளே ஒரு நெல் மூட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். பாக்கியம் முன் கதவால் ஏறினார். முதலில் நல்ல கால். பிறகு கட்டுப்போட்ட கால். கம்பியைப் பிடித்து, மேலே போய், சீற்றில் இருக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். என் பெருவிரல் மணியை இரண்டுமுறை அடித்தது.

பஸ் புறப்பட்டது. என் குழுவும் புறப்பட்டது.

"ஆரது மணி அடிச்சது?" என்று கொண்டக்டர் உள்ளே இருந்து கத்தினான்.

இந்த வேலைக்கு வருகிற இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வெறும் றோட்டைக் கண்டால் சந்தோசப்படுங்கள், அழகுதான். ஆனால் அது ஏன் வெறுமையாகக் கிடக்கிறது என்று அந்த ஊரில் ஒருவரிடமாவது கேளுங்கள். எனக்கு அது தெரிந்திருந்தும் வாய் திறக்க ஏழு வருடம் எடுத்தது.

பஸ் கடந்து போகும்போது பாக்கியம் யன்னலால் தலையை நீட்டினார்.

"அண்ணை, இண்டைக்கு நான் ஏறினனான். எண்ணிக்கொள்ளுங்கோ!"

எண்ணினேன். பஸ்ஸில் ஒருவர், முன்னால் சைக்கிளில் எட்டுப் பேர். பிறகு அந்த எட்டுப் பேரையும் பிடிக்க, வந்த புழுதிக்குள்ளாலேயே வேகமாக மிதித்தேன்.