மூன்றாம் கட்டத்துச் சுவர்

2024 ஜூன் 19, புதன்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிடம். தென்காசியில் சாரல், குடை பிடித்தால் சிரிப்பார்கள், பிடிக்காவிட்டால் சட்டை நனையும், அந்த அளவுக்கு. குற்றாலம் சாலையில் எங்கள் பழைய வீட்டை இடித்த மனையில் எழும்பப்போகும் புது வீட்டின் படத்தைப் பார்க்க இன்ஜினியரின் அலுவலகத்துக்குப் போயிருந்தேன்.

பணம் மகனுடையது. அவன் ஷார்ஜாவில் இருக்கிறான். எனக்கு வயது எழுபத்தாறு. கருவூலத்தில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன். புது வீட்டில் நான் கேட்டது ஒன்றே ஒன்று: கதவைச் சாத்திக்கொள்ளக்கூடிய ஓர் அறை. பழைய வீட்டில் பதினோரு வருடம் ஹாலில் கட்டில் போட்டுப் படுத்தேன். வந்த விருந்தாளிகள் எல்லாம் என் காலடியில் உட்கார்ந்து டிவி பார்த்தார்கள். கேஸ் சிலிண்டர்கூட என் போர்வையை உரசிக்கொண்டுதான் அடுக்களைக்குப் போயிற்று.

இன்ஜினியர் வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர். காகிதத்தில் பென்சில் வைப்பதை மரியாதைக் குறைவாக நினைப்பவர். கம்ப்யூட்டரில் வீட்டை முழுசாக எழுப்பிச் சுற்றிக் காட்டினார். வாசலில் மூன்று மரங்கள்; மூன்றும் இந்த ஜில்லாவில் வளராதவை. கேட் அருகே கோட்டு போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் நின்றார்.

"இவரு யாரு?"

"சும்மா, வீட்டு உயரம் தெரியணும்லா அண்ணாச்சி, அதுக்கு."

"சீசனுக்கு வாடகைக்கு வந்துட்டாரோன்னு பயந்துட்டேன்."

ஹாலை ஒட்டி என் அறை இருந்தது. கதவும் இருந்தது. மனசு நிறைந்தது. பிறகு தளப்படத்துக்கு மாற்றினார். மேலிருந்து பார்க்கிற படம், கொத்தனார் கையில் கொடுக்கப்போவது. முன் படத்தில் கீழ்த்தளச் சுவர்கள் இருபத்திரண்டு. இதில் எண்ணினேன், இருபத்தொன்று. மறுபடி எண்ணினேன். காணாமல் போனது என் சுவர். ஹாலும் என் அறையும் ஒரே மைதானமாகக் கிடந்தன. கொத்தனார் படத்தில் இல்லாத சுவரை எனக்காக இரக்கப்பட்டுக் கட்டமாட்டார்.

"அண்ணாச்சி, தளப்படம்னா நாலடி உயரத்துல வீட்ட வெட்டிப் பாக்குது. அதுக்குக் கீழ நிக்கிற குட்டைச் சுவரு சரியாத் தெரியாது."

"என் சுவரு பத்தடி. நாலடியில வெட்டுனா மிச்ச சுவருக மட்டும் எப்படித் தெரியுது?"

இன்ஜினியர் படத்துக் கோடுகளின் நுணுக்கத்தைக் கூட்டினார். மற்ற இருபத்தொரு சுவர்களுக்குப் பூச்சு, செங்கல், மறுபடி பூச்சு எல்லாம் தெரிந்தன. என்னுடையதற்கு ஒரு மயிரிழைகூட இல்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். அது எழுந்து வருவதற்குள் டீ வந்தது, ஆறியது. சுவர் வரவில்லை.

"அழிச்சிட்டுப் புதுசாப் போட்டுருவோம்" என்றார். வாடிக்கையாளருக்கு அழகாகத் தெரியட்டும் என்று வெள்ளைக்காரர் நிற்கும் படத்திலேயே வரைந்தார். அங்கே சுவர் எழும்பியது. தளப்படத்துக்குப் போனோம். இல்லை.

"சாப்ட்வேர் மக்கர் பண்ணுது அண்ணாச்சி."

"இருபத்தொரு சுவருக்குப் பண்ணாத மக்கர என் சுவருக்கு மட்டும் எதுக்குய்யா பண்ணுது?"

அவருக்கு ரோஷம் வந்தது. சுவரைத் தொட்டு, ஓரத்தில் ஒரு பெட்டியைத் திறந்தார். பார்த்தவர் சட்டென்று மூடினார். ஆனால் எனக்குப் போன மாதம்தான் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது, நன்றாகவே படித்துவிட்டேன். கட்டம்: மூன்று.

எங்கள் ஊரில் யாரும் வீட்டை ஒரே மூச்சில் கட்டி முடிப்பதில்லை. மாடி பிறகு வரும் என்று மொட்டை மாடியில் கம்பிகளை நீட்டி விட்டுவைப்போம். என் தெருவில் மட்டும் ஒன்பது வீடுகளின் தலையில் கம்பி துருப்பிடித்து நிற்கிறது. இந்தப் 'பிறகு'வை இன்ஜினியர் கம்ப்யூட்டருக்கும் கற்றுக்கொடுத்திருந்தார். முதல் கட்டம் கீழ்த்தளம், இப்போது. இரண்டாம் கட்டம் மாடி. மூன்றாம் கட்டம், மகன் ஷார்ஜாவை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிய பிறகு. சுற்றிக் காட்டும் படம் மூன்றும் முடிந்த வீட்டைக் காட்டும். அதில் வரைந்த சுவரும் மூன்றாம் கட்டத்திலேயே போய் விழும். தளப்படம் முதல் கட்டத்தோடு நின்றுவிடும். கம்ப்யூட்டரிடம் ஒரு கோளாறும் இல்லை. சொன்னதைச் செய்திருக்கிறது.

"யாரு சொல்லி என் சுவரு மூணுக்குப் போச்சு?"

இன்ஜினியர் ஆறின டீயைக் குடித்தார். "தம்பிதான் போன்ல சொன்னாப்ல. ரெண்டு மாசம் ஆச்சா, மறந்தே போச்சு அண்ணாச்சி."

அங்கேயே மகனைக் கூப்பிட்டேன்.

"பால் காய்ச்சுத அன்னைக்கு ஹால் பெருசா இருந்தாத்தாம்ப்பா எடுப்பா இருக்கும். நாலு பேரு வருவாவ. சுவர பெறகு கட்டிக்கிடலாம்."

"நான் எங்கலே படுக்க?"

"ஹால்ல கட்டில் போட்டா நல்லா காத்து வரும்லா."

"நீ எப்ப ஊருக்கு வருத?"

"அடுத்த வருசம் முடிச்சிட்டு வந்துருவேம்ப்பா."

பதினாறு வருடமாக வருகிற அடுத்த வருடம் அது. எழுபத்தாறோடு எத்தனை அடுத்த வருடத்தைக் கூட்டினால் எனக்கு ஒரு கதவு கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன். விடை சுடுகாட்டைத் தாண்டிப் போயிற்று.

"அந்தச் சுவருக்கு நான் கொடுக்கேன், என் பென்ஷன்ல" என்று சொல்லிப் போனை வைத்தேன். இன்ஜினியரைப் பார்த்து, "மூணை ஒண்ணாக்கும்" என்றேன்.

ஒரே தட்டு. இருபத்திரண்டு சுவரும் நின்றன.

பால் காய்ச்சிய அன்று ஹால் சின்னதாக இருக்கிறதே என்று நாலு பேர் சொன்னார்களாம். கதவைச் சாத்திப் படுத்திருந்ததால் என் காதில் விழவில்லை. செங்கல், சிமென்ட், மணல், கூலி, பூச்சு, நிலையோடு கதவு, உள்பக்கத் தாழ்ப்பாள், படத்தைத் திருத்தியதற்கு இன்ஜினியர் கூச்சப்படாமல் வாங்கிய ஆயிரத்து ஐந்நூறு, எல்லாம் சேர்த்து நாற்பத்தோராயிரத்து இருநூற்று அறுபது ரூபாய்.