கட்டம் போட்ட விரிப்பும் கை நனைக்காத விருந்தாளிகளும்

பரிமாறுகிறவன் முகத்தில் பசியும் தெரியக் கூடாது, கோபமும் தெரியக் கூடாது. என்னைப் போல் தட்டு தூக்கிய உங்களுக்கு இது புதிதல்ல.

எண்பதுகளின் தொடக்கம். போர்வெல் போடும் ரிக் வண்டிகள் வைத்திருந்த திருச்செங்கோட்டு முதலாளி ஒருவர் கோவா போய்வந்த வேகத்தில், ஏற்காட்டு அடிவாரத்தில், மலைக்குப் போகும் சுற்றுலாக்காரர்களை நம்பி வெள்ளைக்காரச் சாப்பாட்டுக் கடை போட்டார். சிவப்புக் கட்டம் போட்ட மேசைவிரிப்பு, பட்டப்பகலில் மெழுகுவத்தி, சூப்பு, கட்லெட், ரொட்டி. வேறு வேலை கிடைக்காமல் நான் அங்கே பரிமாறச் சேர்ந்தேன். திறந்த அன்றே அவர் சொன்னார்: "சித்திரைக்குள்ள ஓடலீன்னா இது ரிக் நிறுத்தற ஷெட்டுங்க."

தண்ணீர் தெளித்தவர்

நாமகிரிப்பேட்டைக் குடும்பம் ஒன்று வந்தது. பெரியவர் முன் பீங்கான் தட்டை வைத்தேன். தம்ளர் தண்ணீரை அதில் தெளித்து, வாழையிலையை வழிப்பதுபோல் வழித்து, என் புதுச் செருப்பின்மேல் விட்டார். ஒவ்வொரு தட்டையும் மூன்று தரம் துடைத்து வைத்தவன் நான். குனிந்து செருப்பைத் துடைத்தேன். அவர் கேட்டார்: "ஏனுங்க, எலை வாங்க வக்கில்லாமயா கடை போட்டீங்க?"

ஆடை படர்ந்த சூப்பு

செவ்வாய்ப்பேட்டை ஜவுளிக்காரர் ஒருவர், இதெல்லாம் தனக்குப் பழக்கம் என்று மூன்று நண்பர்களை அழைத்து வந்தார். சூப்பு வைத்தேன். நால்வரும் தொடாமல் காத்திருந்தார்கள். நான் சுவரோரம் காத்திருந்தேன். சூப்பில் ஆடை படர்ந்தது. கடைசியில் விரலை ஆட்டிக் கூப்பிட்டார்: "ரசத்த வெச்சுட்டுப் போனா ஆச்சா? சோறு எங்கய்யா?"

முதலாளியின் தூக்குப் போசி

பங்குனியிலேயே ஷெட்டுக்கு அளவெடுக்க ஆள் வந்தாயிற்று. அன்று முதலாளி பின்கட்டில் உட்கார்ந்து வீட்டிலிருந்து சோறு வந்த தூக்குப் போசியைத் திறந்தார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார். "நம்ம கடைச் சாப்பாடு நமக்கு ஒத்துக்கறதில்லீங்க."

பெண் பார்த்த மேசை

சம்பந்தம் முடிவாகும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுச் செலவில் கை நனைப்பதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சித்திரையில் மோகனூர்க் குடும்பம் ஒன்று, பொது இடம் என்று எங்கள் கடையிலேயே பெண்ணைக் காட்டியது. மேசை வெறுமையாக இருக்கக் கூடாதென்று ஆளுக்கொரு கட்லெட் வாங்கி வைத்தார்கள். ஒருவரும் தொடவில்லை. மாப்பிள்ளை வீட்டார் தோட்டம், கிணறு விசாரித்து எழுந்தார்கள். அடுத்த வாரம் இரண்டு குடும்பம், அதற்கடுத்த வாரம் நான்கு. வைகாசி பிறந்தும் ரிக் வண்டி உள்ளே வரவில்லை. கூச்சத்தை விட்டு ஒரு மாப்பிள்ளையின் தாய்மாமனிடம், இந்தக் கடை ஏன் பிடித்தது என்று கேட்டேன். "மத்த கடைல வாசம் இழுக்குதுங்க, மறந்து கை வெச்சுப்போடறோம். இங்க அந்தப் பயமே இல்லீங்க."

எட்டு வருஷம் என் குடும்பம் வயிறாரச் சாப்பிட்டது, அந்தக் கடையில் ஒருவரும் சாப்பிடாததால்தான்.