தமிழில் பிரியாணி, கன்னடத்தில் தண்ணீர்

ஒரு இன்ஸ்பெக்டரையே கன்னடம் பேசி ஏமாற்றியவன் நான். பொய். ஏமாற்றியது என் மாமா. எனக்கு அந்த வயதில் கன்னடத்தில் கெட்ட வார்த்தைகள் மட்டும்தான் தெரியும். தமிழிலும் எழுத்துக்கூட்டி வாசிப்பதற்குள் மணி அடித்துவிடும். ஆறாம் வகுப்பு என்னை இரண்டு வருஷம் பார்த்துவிட்டு, போதும் சாமி என்று கும்பிடு போட்டு அனுப்பிவிட்டது.

மாமா ஆட்டோவில் மைக் கட்டி விளம்பரம் சொல்கிறவர். கடைத் திறப்பு, சாவுச் செய்தி, காணாமல் போன பிள்ளை, எதுவானாலும் தமிழில் ஒரு தரம், கன்னடத்தில் ஒரு தரம். தமிழும் கன்னடமும் கலந்து பேசும் எல்லை ஊரான மூக்கண்டப்பள்ளியில் எங்கள் தெருவுக்கு ஒரு கம்பெனி தண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுத்திருந்தது. அந்தத் தண்ணீரில் பெயின்ட் வாடை அடிக்க ஆரம்பித்தது. என் தங்கை வாந்தியெடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

மாமா உள்ளூர் கேபிள் டிவிக்காரரிடம் போனார். அவர் திரையில் ஓடிக்கொண்டிருந்த அதே கம்பெனியின் பொங்கல் வாழ்த்து விளம்பரத்தைக் காட்டி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். மாமா மைக்கில் சொல்ல அனுமதி கேட்டு ஸ்டேஷனுக்குப் போனார். இன்ஸ்பெக்டர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவர், கன்னடம் தெரியாது. "ஆதாரம் இருக்காவே? இல்லாம பேசுனா வதந்தி, அவதூறு. உள்ள வச்சிருவேன்" என்றார். தண்ணீரைச் சோதிக்க வேண்டியவர்கள் தெருப் பக்கமே வரவில்லை. ஆதாரம் மட்டும் ஆட்டோக்காரன் கொண்டுவர வேண்டுமாம்! பேசுவதற்கு உரிமை சட்டத்தில் இருக்கிறதாம். இருக்கும், எங்கள் தொட்டியில் தண்ணீர் இருந்த மாதிரி.

மறுநாள் மாமா ஒரு பிரியாணிக் கடைத் திறப்புக்கு அனுமதி வாங்கினார். தொட்டிக்கு முன்னால் ஆட்டோவை நிறுத்தினார். தமிழில் பிரியாணி. கன்னடத்தில், "ஈ நீரு குடிபேடி." இந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள்.

கன்னடக்கார அக்காக்கள் குடத்தைத் தெருவிலேயே கவிழ்த்தார்கள். எதிர்வீட்டு மதுரைக்கார அத்தை, "பிரியாணி போடுறதுக்கு ஏன்டி தண்ணியக் கொட்டுறீங்க?" என்று கேட்டாள். விஷயம் தெரிந்ததும் தன் குடத்தையும் கவிழ்த்தாள்.

சாயங்காலம் மாமாவை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். கம்பெனி அதிகாரி புகாரோடு உட்கார்ந்திருந்தார். நான் மாமாவின் சட்டையைப் பிடித்தபடி நின்றேன்.

"குடிபேடின்னா என்னவே?"

"பிரியாணி தின்னு முடிக்கிற வரைக்கும் தண்ணி குடிக்காதீங்கன்னேன் சார். டேஸ்ட்டு போயிடும்."

இன்ஸ்பெக்டர் ஏட்டைப் பார்த்தார். ஏட்டு பக்கத்து ஊரான பேரிகையைச் சேர்ந்தவர், வீட்டில் பேசுவதே கன்னடம். "பிரியாணிதான் சார்" என்றார். டீ கொண்டுவந்தவரையும் கேட்டார்கள். "லெக் பீஸ் உண்டுன்னுகூட சொன்னாரு சார்!"

கடைசியில் இன்ஸ்பெக்டர் கம்பெனி அதிகாரி பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார். ஒங்க தண்ணி கெட்டுப்போச்சுன்னு பேசினதா எழுதிரவா?"

அவருக்கும் கன்னடம் நன்றாகவே தெரியும். புகாரை மடித்துப் பைக்குள் வைத்தார். "வேணாம் சார். பிரியாணின்னே எழுதிக்கோங்க" என்று சிரித்தார்.

அந்த நேரம் பார்த்து கம்பெனிச் சங்கு ஊதியது. ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கவில்லை. அது ஓயும்வரை இன்ஸ்பெக்டர் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். ஓய்ந்ததும், அளவுக்கு மீறிச் சத்தம் போட்டதாக மாமா மேல் எழுதி ஆம்ப்ளிஃபயரைப் பறித்துக்கொண்டார். அந்தச் சங்கு எவனிடம் அனுமதி வாங்கியது? இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அன்றைக்கு எரியவில்லை. வெளியே வந்ததும் குதித்தேன். கம்பெனிக்காரரே நம் பக்கம் சாட்சி சொல்லிவிட்டாரே, ஜெயித்துவிட்டோமே! மாமா, ஆம்ப்ளிஃபயர் இல்லாத மைக் வயரைச் சுருட்டி ஆட்டோவில் போட்டார். போலீஸ் எழுதியதில் தண்ணீர் என்ற சொல்லே இல்லை என்பது என் மண்டைக்கு எட்டவில்லை. நாங்களும் பிரியாணி என்றோம், அவரும் பிரியாணி என்றார். யாருக்கு லாபம் என்று தெரியாமல் நான் குதித்துக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தேன்.

பின்னாளில் தெருவே திரண்டு போய் முறையிட்டபோது, தண்ணீரைச் சோதிக்க வேண்டிய ஆபீஸில் இருந்தவர் கூசாமல் கேட்டார்: "இது வரைக்கும் யாருமே சொல்லலையே?" எனக்கு வந்த கோபத்தில் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய்...

"ஏங்க, கதை அளந்தது போதும்!" வாசலிலிருந்து என் வீட்டுக்காரி கத்துகிறாள். "தண்ணி லாரி வந்துடுச்சு, கொடத்தத் தூக்கிட்டு ஓடியாங்க!"