எழுபது ஊசியும் ஒரு போத்தல் பாகற்காய்ச் சாறும்

என் மகளுக்கு நான்கு வயதிலேயே சர்க்கரை நோய் வந்துவிட்டது. சென்ற வருடம் திருச்சியில் ஒரு கல்யாணத்துக்கு அவளை விமானத்தில் கூட்டிப்போனேன். இன்சுலின், எழுபது ஊசிகள், பதுளை டாக்டரின் கடிதம் எல்லாவற்றையும் மூன்று முறை சரிபார்த்து ஒரே பையில் வைத்தேன்.

ஆனால் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில், வெளியூர் போகிறவரை யாரும் வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா, "டாக்டர் மருந்து ஒரு பக்கம் இருக்கட்டும், காலையில இதையும் குடுங்க" என்று ஒரு போத்தல் பாகற்காய்ச் சாற்றை அதே பையில் திணித்தார். தினமும் காலையில் மகளின் மூக்கைப் பிடித்து அதைக் குடிக்க வைக்கிறவர் அவர்தான். ஊசிக்கு அழாதவள், அதற்கு லயமே கேட்க அழுவாள். இருந்தும் அக்காவிடம் வேண்டாம் என்று சொல்ல இன்றுவரை எனக்குத் துணிச்சல் வந்ததில்லை.

கட்டுநாயக்கா விமான நிலையச் சோதனையில் அதிகாரி கடிதத்தைப் படித்துவிட்டு, ஊசிகளைப் பேசாமல் விட்டார். போத்தலைத்தான் தூக்கிப் பிடித்து, இதுவும் மருந்தா என்று சிங்களத்தில் கேட்டார். அக்காவின் முகம் என் கண்முன் வந்தது. ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

சிங்களப் பாடத்தில் வாயே திறக்காத என் மகள், அதற்குள் எனக்கு முன்னால் வந்து நின்று, ஒரு பிழையும் இல்லாத சிங்களத்தில் சொன்னாள்:

"மருந்து இல்ல, சேர். வீசிருங்க."