பின் ஜன்னலைத் திறக்கச் சொன்ன ஜெபராணி

வியாழக்கிழமை காலை அழைப்பு மணி அடித்தது. ஜெபராணி என்று நினைத்துத்தான் கதவைத் திறந்தேன். வேறொரு பெண் ரத்தம் எடுக்கும் பையோடு நின்றாள். பக்கவாதம் வந்து மூன்று வருடமாகப் படுக்கையில் கிடக்கும் என் கணவருக்கு வாராவாரம் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பவள் ஜெபராணிதான். அவர் கையை நான் நீட்டிப் பிடித்திருந்தபோது, அந்தப் பெண் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஜெபராணியக்கா நேத்து தவறிட்டாங்கம்மா. நெஞ்சுவலி. இன்னைக்கு நாலு மணிக்கு அடக்கம்" என்றாள். கையை விட்டால் ஊசி நகர்ந்துவிடும். பிடித்துக்கொண்டே அழுதேன்.

நீங்கள் எல்லோரும் அன்று மாலை பாளையங்கோட்டையில் அவள் பக்கத்தில் இருந்தீர்கள். எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் கால் மணி நேரம். நான் வரவில்லை. அதனால்தான் பூனைகளைக் காப்பாற்றும் உங்கள் குழுவில் அவளைப் பற்றி எழுதக் கேட்டதும் மறுக்கவில்லை. ஜெபராணி என்னைவிடப் பத்து வயது இளையவள். 'அவர்' என்று எழுதினால் சிரிப்பாள்.

ஒருநாள் அவள் துப்பட்டாவில் பூனைமுடி ஒட்டியிருந்ததைப் பார்த்துக் கேட்டேன். "எங்களுக்குன்னு கட்டடம் ஒண்ணும் கிடையாதுக்கா. ஆறு பேரு இருக்கோம். அடிபட்டது, விட்டுட்டுப் போனதுன்னு ஆளுக்கு ரெண்டு மூணை வீட்டுல வச்சிருந்து, நல்ல இடமாப் பாத்துக் குடுக்கோம்" என்றாள். எனக்கும் ஒரு குட்டி வேண்டும், மடியில் வந்து படுக்கிற குட்டியாக வேண்டும் என்றேன். கட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அது உங்களுக்கு வேண்டாம். நீங்க எந்திரிச்சாக் கத்தும். ஏற்கனவே நீங்க எந்திரிக்க முடியாமத்தான இருக்கீங்க." என்ன வாய் இவளுக்கு என்று எரிச்சலாக வந்தது.

குட்டிக்குப் பதிலாக அவள் எனக்கென்று பார்த்தது ஒரு வளர்ந்த பூனை. கங்கைகொண்டான் பக்கம் ஒரு கிட்டங்கியில் சரக்கு மூட்டைகளுக்கு நடுவே பிடிபட்டதாம். வயது பத்து மாதம். வெள்ளை உடம்பில் கரும்புள்ளிகள் இருந்ததால் மிளகு என்று பேர் வைத்திருந்தார்கள். கொடுப்பதற்கு முன், பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற வீட்டைப் பார்ப்பதுபோல என் வீட்டை மூலை முடுக்கெல்லாம் பார்த்தாள். கூடையைத் திறந்ததுமே அது அலமாரிக்குப் பின்னால் போய் ஒடுங்கிவிட்டது. "கூப்பிடாதீங்க, தொடாதீங்க. சோத்தை வச்சிட்டு உங்க சோலியப் பாருங்க. பைய வரும். ஒரு மாசம் போனதும் பின் ஜன்னலைத் திறந்துவிடுங்க. வெளியே சுத்துன பிள்ளை, அடைச்சு வச்சா வாடிரும். சோறு எங்கன இருக்குன்னு தெரிஞ்சா வந்திரும்."

மாதம் போனது. மிளகு வெளியே வந்து சாப்பிட்டது, எட்ட உட்கார்ந்து எங்கள் இருவரையும் பார்த்தது. நான் ஜன்னலைத் திறக்கவில்லை. நாய் இருக்கிறது, வண்டி வருகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் சும்மா. மூன்று வருடமாக நான் போய்வருவது மருந்துக்கடைக்கும் ரேஷன் கடைக்கும்தான். என் கையால் சாப்பிடுகிற பூனை மட்டும் வாலைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றுவதா என்ற பொறாமைதான் காரணம். ஜெபராணி வாராவாரம், "திறந்தாச்சாக்கா?" என்பாள். ஆச்சு என்பேன். நான்கு மாதம் கூசாமல் சொன்ன பொய்.

கடைசியாக வந்த அன்று கை கழுவக் குளியலறைக்குப் போனவள், அங்கே பூனைக்கு வைத்திருந்த மண் தட்டைப் பார்த்துவிட்டாள். "வெளிய போற பூனை வீட்டுக்குள்ளயா இவ்வளவு போகும்?" என்றாள். பையை மூடிக்கொண்டே கேட்டாள், "அது வெளிய போச்சுன்னா உங்களுக்குக் கோவம் வரும், அப்படித்தான?"

"ஆமா" என்றேன். யாரிடமும் அதுவரை நான் அப்படி ஒப்புக்கொண்டதில்லை.

"வரட்டும். கோவத்துல சோறு வைக்காம இருந்திருவீங்களா? மாட்டீங்கள்லா? அது போதும்க்கா."

அடக்கத்தன்று மூன்றரை மணிக்கு என் கணவர் சிரமப்பட்டு வாயைத் திறந்தார். "நீ… போ."

உதவிக்கு வரும் பெண் மதியமே போயிருந்தாள். பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. "நான் போனா உங்கள யாரு பாப்பா?" என்று கேட்டேன். கேட்ட விதம் நன்றாக இல்லை. அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சரியாக நாலு மணிக்கு, அந்தப் பின் ஜன்னலைத் திறந்தேன். மிளகு விளிம்பில் ஏறி உட்கார்ந்து வெகுநேரம் மோப்பம் பிடித்தது. பிறகு சுவரில் தாவி அந்தப் பக்கம் இறங்கிப் போய்விட்டது. அவள் சொன்னபடியே எனக்குக் கோபம் வந்தது. பூனைமேல், கட்டிலில் கிடப்பவர்மேல், பாதியில் போய்விட்ட ஜெபராணிமேல். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சத்தமாக அழுதேன். விளக்கு வைக்கும் நேரத்தில் அது திரும்பி வந்தது. என்னைப் பார்க்காமல் தின்றுவிட்டு அலமாரிமேல் ஏறிப் படுத்துக்கொண்டது.

அவள் கல்லறைக்கு நான் இன்னும் போகவில்லை. எப்போது முடியும் என்றும் தெரியாது. முன்பெல்லாம் கோபம் வந்தால், நோயாளியை வைத்துக்கொண்டு இப்படி நினைக்கிறாயே பாவி என்று என்னையே திட்டிக்கொள்வேன். இப்போது திட்டிக்கொள்வதில்லை. கோபத்தோடேயே எழுந்து போய்ச் சோற்றைப் பிசைகிறேன். பூனைக்கு ஒரு பங்கை வைத்துவிட்டு, மீதியை அவருக்கு ஊட்டுகிறேன்.