ஈரலின் இடதுபக்கம்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். கண்ணூறு என்று மாமி செத்தல் மிளகாயையும் உப்பையும் சுற்றி அடுப்பில் போடும்போதெல்லாம் வாய்க்குள் சிரித்தவள் நான்.

என் கணவருக்குக் குடலில் வந்த புற்றுநோய் ஈரலுக்கும் பரவியிருந்தது. ஸ்கேன் படத்தில் ஐந்து புள்ளிகள், வலதுபக்கம் மூன்று, இடதுபக்கம் இரண்டு. ஒரு பக்கத்தில் மட்டும் என்றால் வெட்டி எடுக்கலாம், இரண்டு பக்கமும் என்றால் மருந்து ஏற்றிப் பார்ப்பதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பழுகாமத்திலிருந்து பஸ் ஏறி வந்து ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து காத்திருக்கிற வாங்கில்தான் காத்தான்குடி றஹீமா ராத்தாவைக் கண்டேன். அவருடைய கணவருக்கும் அதே வருத்தம், ஆனால் புள்ளி இரண்டே இரண்டு, அதுவும் வலதுபக்கம் மட்டும், அடுத்த ஸ்கேனும் இப்படியே இருந்தால் ஒப்பரேஷனாம். இதைச் சொல்லிக்கொண்டே எனக்கு இடியப்பம் தந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், யாருடைய நகையைப் பார்த்தும் எனக்கு அப்படி வயிறு எரிந்ததில்லை.

பகல் தொழுகைக்குப் போகும்போது ராத்தா தன் கணவரின் ஸ்கேன் படத்தை என்னிடம் தந்துவிட்டுப் போனார். நான் உறையைத் திறந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். இடதுபக்கம் துப்புரவாகக் கிடந்தது. அதில் சுட்டுவிரலை வைத்து, இங்கேயும் ஒன்று வரட்டும் என்று நினைத்தேன். நினைத்தேனா, வாய்விட்டே சொன்னேனா, தெரியவில்லை.

மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் என் கணவருடைய இடதுபக்கப் புள்ளிகள் இரண்டும் இல்லை. மருந்து நன்றாகப் பிடித்திருக்கிறது என்றார் டாக்டர். வலதுபக்கத்தை வெட்டி எடுத்தார்கள், இவர் இப்போது வட்டைக்குப் போய் வயல் வேலை பார்க்கிறார்.

ராத்தாவின் கணவருக்கு இடதுபக்கம் ஒரு புள்ளி வந்திருந்தது. ஒப்பரேஷன் இல்லை என்றுவிட்டார்கள். ராத்தா அழாமல்தான் சொன்னார்.

"பழைய படத்துல ஒரு விரல் அடையாளம் இரிக்கி தங்கச்சி, எவ்வளவு துடைச்சும் போகுதில்ல. புதுப் புள்ளி வந்திரிக்கிறதும் சரியா அந்த இடத்துலதான்."

இன்றுவரை அவரிடம் நான் வாய் திறக்கவில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன். ஸ்கேன் நாட்களில் இன்னும் சந்திக்கிறோம். ராத்தாவின் கணவருக்கு இடதுபக்கம் இப்போது மூன்று புள்ளிகள். தொழப் போகுமுன் ராத்தா படத்தை என்னிடம்தான் நீட்டுவார்.

"உங்கட கை ராசியான கை தங்கச்சி. கொஞ்ச நேரம் வெச்சிரிங்க."

நான் சேலைத்தலைப்பால் விரல்களைச் சுற்றிக்கொண்டு வாங்குகிறேன்.